இரண்டு ஸ்பூன் மீன் எண்ணெய்

கொஞ்சம் நீளமான பதிவு. ஆற அமரப் படியுங்கள். வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி யாராவது இருந்தால் அவளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படியுங்கள்.

போன வாரம் சொந்தத்தில் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தேன். பெண்ணுக்கு ஏழாம் மாதம். கன்னத்தில் சந்தனம் பூசி, கை நிறைய வளையல் அடுக்கி, ஐந்து வகைச் சாதம் கட்டி, எல்லாம் முறைப்படி நடந்தது. சீர்த்தட்டுகளைப் பார்த்தபோதுதான் மனசு என்னமோ செய்தது. எங்கள் காலத்தில் பழம், பூ, வளையல், பலகாரம் இருக்கும். இப்போது அவற்றுக்கு நடுவே புரோட்டீன் பவுடர் டப்பா இரண்டு, மல்டி வைட்டமின் மாத்திரை பாட்டில் ஒன்று, வெளிநாட்டு ஒமேகா மாத்திரை ஒன்று, மிட்டாய் மாதிரி சப்பிச் சாப்பிடும் வைட்டமின் ஒன்று, குங்குமப்பூ மூன்று டப்பி. ஆளாளுக்கு அன்பாகத்தான் வாங்கி வந்திருக்கிறார்கள். "எல்லாம் பிள்ளைக்குத்தான், தினமும் விடாம சாப்பிடணும்" என்று ஒரு பெரியம்மா அந்தப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அது சரி சரி என்று தலையாட்டியது.

நல்ல காரியம் நடக்கிற இடத்தில் வாயைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை. மொய் எழுதிவிட்டு வந்துவிட்டேன். ஆனால் அந்தப் பெண் தலையாட்டியது ராத்திரி தூங்கவிடவில்லை. காரணம், மூன்று வருடத்துக்கு முன்னால் எங்கள் வீட்டிலும் ஒரு பெண் அப்படித்தான் தலையாட்டினாள். எதிரே உட்கார்ந்து சாப்பிடச் சொன்னவள் நான்.

இதுவரை வெளியில் சொல்லாத விஷயம். மருமகளிடம் அனுமதி கேட்டுத்தான் எழுதுகிறேன்.

என் மருமகளுக்கு நாள் தள்ளிப்போய், ஆரம்ப சுகாதார நிலையத்தில் சோதனை செய்து உறுதியானபோது ஆறாவது வாரம். அங்கே மஞ்சள் நிறத்தில் குட்டி மாத்திரை ஒரு அட்டை கொடுத்து, தினம் ஒன்று போடச் சொல்லியிருந்தார்கள். போலிக் அமிலம். சட்டைப் பொத்தானைவிடச் சின்னது. நான் அதைக் கையில் வாங்கிப் பார்த்தேன். இலவசம். மினுமினுப்பு இல்லாத அட்டை. "இதுல என்னம்மா சத்து இருக்கப்போகுது? கவர்ன்மெண்ட் மாத்திரை கொமட்டும். அப்புறம் பார்த்துக்கலாம்" என்று சொல்லி மேசை இழுப்பறையில் போட்டுவிட்டேன். அரசுப் பள்ளியில் 34 வருடம் வேலை பார்த்து, அரசுச் சம்பளத்தில் பிள்ளைகளை வளர்த்து, இன்று அரசு ஓய்வூதியத்தில் சாப்பிடுகிறவள் சொன்ன வார்த்தை இது.

அந்தச் சமயத்தில் சிங்கப்பூரில் இருக்கும் என் தம்பி ஊருக்கு வந்திருந்தான். பெட்டியில் கோடரித் தைலம், சாக்லேட்டோடு ஒரு பெரிய பாட்டில் மீன் ஈரல் எண்ணெயும் இருந்தது. காட் லிவர் ஆயில். "அக்கா, இது சுத்தமான சரக்கு. பிள்ளைக்குக் கண்ணு, மூளை எல்லாத்துக்கும் நல்லது" என்றான். அதோடு ஒரு மல்டி வைட்டமின் பாட்டில். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பாட்டிலில் ஒரு நாளைக்கு ஒரு ஸ்பூன் என்று போட்டிருந்தது. ரெண்டு உயிர் ஆச்சே, ரெண்டு ஸ்பூன் கொடுப்போம் என்று நானே கணக்குப் போட்டுக்கொண்டேன். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. ஞாயிற்றுக்கிழமை ரத்தம் ஊற வேண்டும் என்று ஆட்டு ஈரல் வறுவல்.

"அத்தை, அந்த எண்ணெயைக் குடிச்சா ரொம்பக் கொமட்டுது" என்று அவள் இரண்டு மூன்று தடவை சொன்னாள்.

"மசக்கைன்னா கொமட்டத்தான்மா செய்யும். மூக்கைப் பிடிச்சிக்கிட்டு முழுங்கு. பிள்ளைக்குத்தானே" என்றேன். வகுப்பில் பேசுகிற அதே குரலில்தான் சொல்லியிருப்பேன். பேசாமல் தலையாட்டினாள்.

மூன்று வாரம் போனது. ஒரு நாள் காலையில் கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கு வந்தார். என்னிடம் ஏழாம் வகுப்பு படித்த பெண். (அம்மா, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். பெயரைப் போடவில்லை.) விவரமெல்லாம் எழுதிக்கொண்டே, "போலிக் மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறாங்களா?" என்று கேட்டது. என் மருமகள் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தாள். நான் சமையல்கட்டுப் பக்கம் பார்த்தேன். அந்தப் பெண் என் கண் போன திசையில் திரும்பி, சாப்பாட்டு மேசையில் இருந்த பாட்டில்களைப் பார்த்துவிட்டது.

"டீச்சர், கோவிச்சுக்காதீங்க. இது ரெண்டையும் யாரு கொடுக்கச் சொன்னது?"

"என் தம்பிதாம்மா வாங்கிட்டு வந்தான். சிங்கப்பூர் சரக்கு."

"இதுல வைட்டமின் ஏ எவ்வளவு இருக்குன்னு பார்த்தீங்களா டீச்சர்?"

பார்க்கவில்லை. பூதக்கண்ணாடியை எடுத்துவரச் சொல்லி, இரண்டு பேரும் உட்கார்ந்து லேபிளைப் படித்தோம். எண்ணெயில் ஒரு ஸ்பூனுக்கு 4,000 யூனிட். இரண்டு ஸ்பூன் என்றால் 8,000. மல்டி வைட்டமின் மாத்திரை ஒன்றுக்கு 5,000. ஆக, ஒரு நாளைக்கு 13,000. நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் நானே கூட்டினேன். கர்ப்பிணிகளுக்கு மாத்திரை, மருந்து வழியாக வைட்டமின் ஏ ஒரு நாளைக்கு 10,000 யூனிட்டைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. அதுவும் குறைபாடு உள்ளவர்களுக்காகச் சொன்ன எல்லை. குறைபாடு இல்லாதவர்களுக்கு அந்த மாத்திரையே தேவை இல்லை. இதில் ஞாயிற்றுக்கிழமை ஈரலை நான் கூட்டவே இல்லை. நூறு கிராம் ஈரலிலேயே 15,000 யூனிட்டுக்கு மேல் இருக்கும்.

பாட்டிலை மூடி வைத்துவிட்டு அந்தப் பெண் சொன்னது: "ஏ, டி, இ, கே நாலும் கொழுப்பில கரையும், உடம்புல தங்கும். பி-யும் சி-யும் தண்ணியில கரையும், மிச்சம் வெளியே போயிடும். போர்டுல நீங்க எழுதிப்போட்டது இன்னும் என் கண்ணுக்குள்ளேயே இருக்கு டீச்சர்."

குத்திக்காட்ட அது சொல்லவில்லை. ஆனால் எனக்கு யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. 34 வருடம் கரும்பலகையில் எழுதிய பாடம். பரீட்சையில் இரண்டு மதிப்பெண் கேள்வி. அதை என் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு நான் கொண்டுவரவே இல்லை.

அன்றைக்கே டாக்டரம்மாவிடம் போனோம். எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லிவிட்டு, போலிக் மாத்திரையைக் கையில் எடுத்துக் கொடுத்தார். "இந்த அளவுக்கு, இத்தனை நாளைக்கு, ஒண்ணும் ஆகியிருக்க வாய்ப்பு ரொம்பக் கம்மி. ஆனா ஆகவே ஆகாதுன்னு நான் எழுதிக்கொடுக்க முடியாது. அஞ்சாம் மாச ஸ்கேன்ல பார்ப்போம்" என்றார். அந்த ஸ்கேனுக்கு இன்னும் பத்து வாரம் இருந்தது.

அந்தப் பத்து வாரம் நான் படித்ததைத்தான் இப்போது உங்களுக்குச் சொல்லப்போகிறேன். தூக்கம் வராத ராத்திரிகளில் மகனின் உதவியோடு தேடித்தேடிப் படித்தேன்.

வைட்டமின் ஏ கெட்டதா? இல்லவே இல்லை. அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பழைய சோதனை உண்டு. 1933ல் அமெரிக்காவின் டெக்சாஸில் பிரெட் ஹேல் என்பவர் ஒரு பெண் பன்றிக்கு வைட்டமின் ஏ இல்லாத தீவனம் கொடுத்தார். அது ஈன்ற 11 குட்டிகளுக்கும் கண்விழியே இல்லை. தாய் சாப்பிடுவது குட்டியின் உறுப்பையே மாற்றும் என்று உலகம் புரிந்துகொண்ட இடங்களில் அது ஒன்று. கருவில் முகம், காது, மூளை, இதயம் எல்லாம் எங்கே, எப்படி உருவாக வேண்டும் என்று செல்களுக்குச் சேதி சொல்வதில் வைட்டமின் ஏ-க்குப் பங்கு இருக்கிறது. சேதி வராவிட்டால் உறுப்பு உருவாவது தவறுகிறது. அளவுக்கு மீறிச் சேதி வந்தாலும் அதே உறுப்புகள்தான் குழம்புகின்றன. வகுப்பில் ஒருவர் சொன்னால் பிள்ளைகளுக்குப் புரியும். பத்துப் பேர் ஒரே நேரத்தில் கத்தினால்?

1995ல் அமெரிக்காவில் 22,000க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு வெளியானது. மாத்திரைகள் வழியாக ஒரு நாளைக்கு 10,000 யூனிட்டுக்கு மேல் வைட்டமின் ஏ எடுத்துக்கொண்ட தாய்மார்களின் குழந்தைகளில், ஏறக்குறைய 57 பேரில் ஒருவருக்கு அதனால் பிறவிக் குறை ஏற்பட்டது என்று கணக்கிட்டார்கள். ஆபத்து சரியாக எந்த அளவில் ஆரம்பிக்கிறது என்பதில் பிறகு வந்த ஆய்வாளர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் கர்ப்பத்தின் ஆரம்ப வாரங்களில் அதிக அளவு ஆகாது என்பதில் வேறுபாடு இல்லை. இங்கிலாந்தில் 1990 முதலே கர்ப்பிணிகளை ஈரல் சாப்பிட வேண்டாம், மீன் ஈரல் எண்ணெய் வேண்டாம் என்று சொல்லிவருகிறார்கள்.

இதோடு ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். முகப்பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினாயின் என்ற மாத்திரை வைட்டமின் ஏ-யின் சொந்தக்காரன்தான். 1982ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அடுத்த வருடமே பிறவிக் குறைகள் பற்றிய செய்திகள் வர ஆரம்பித்துவிட்டன. கல்யாணமான பெண்கள், கல்யாணம் நிச்சயமான பெண்கள் யாராவது பருவுக்கு மாத்திரை சாப்பிட்டால் அதன் பெயரைப் பாருங்கள். டாக்டரிடம் சொல்லாமல் தொடராதீர்கள்.

முருங்கைக்கீரை, கேரட், பூசணி சாப்பிடலாமா என்று கேட்பீர்கள். தாராளமாகச் சாப்பிடலாம். காய்கறியில் இருப்பது பீட்டா கரோட்டின். உடம்பு தனக்கு வேண்டிய அளவுதான் அதை வைட்டமின் ஏ-யாக மாற்றிக்கொள்ளும். இந்த ஆபத்து எண்ணெய், ஈரல், மாத்திரைகளில் ரெட்டினால் என்ற பெயரில் வருவதற்குத்தான்.

இனி, நான் இழுப்பறையில் தூக்கிப் போட்ட அந்தக் குட்டி மாத்திரையின் கதை. அது நம் நாட்டில் ஆரம்பித்த கதை என்று எனக்கு அதற்கு முன்னால் தெரியாது.

1928ல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். துணி ஆலைகளில் வேலை பார்த்த ஏழைப் பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில் ஒருவகைக் கடுமையான ரத்தசோகை வந்தது. என்ன காரணம் என்று தேடினார். நம்ம குன்னூரிலும் கொஞ்ச காலம் ஆராய்ச்சி செய்தார். கடைசியில் அந்தப் பெண்களைக் குணமாக்கியது ரொட்டியில் தடவிச் சாப்பிடும் மலிவான மார்மைட். ஈஸ்ட் சாறு. 1931ல் அதை வெளியிட்டார். அதற்குள் இருந்த சத்தைப் பத்து வருடம் கழித்துப் பசலைக்கீரையில் இருந்து பிரித்தெடுத்து, இலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லை வைத்து போலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள்.

குழந்தையின் மூளையும் தண்டுவடமும் ஒரு சின்னக் குழாயாகத்தான் ஆரம்பிக்கும். கரு உண்டான 28 நாளுக்குள் அந்தக் குழாய் மூடிக்கொள்ள வேண்டும். மூடாவிட்டால் முதுகிலோ தலையிலோ பெரிய குறை. ஏற்கெனவே அப்படி ஒரு குழந்தை பெற்ற தாய்மார்களை வைத்து ஏழு நாடுகளில் நடந்த ஆய்வின் முடிவு 1991ல் வந்தது. போலிக் அமிலம் கொடுத்ததால் மறுபடி அந்தக் குறை வருவது 72 சதவீதம் தடுக்கப்பட்டது. இத்தனை பெரிய காரியத்தைச் செய்கிற மாத்திரையைத்தான், இலவசமாகக் கிடைத்தது என்ற ஒரே காரணத்துக்காக நான் மட்டமாக நினைத்தேன். விலை அதிகமாகவும் வெளிநாட்டில் இருந்தும் வந்ததை இரண்டு மடங்காகக் கொடுத்தேன். கொடுக்க வேண்டியதை நிறுத்திவிட்டு, நிறுத்த வேண்டியதைக் கொடுத்திருக்கிறேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 28 நாள் என்றால், பல பெண்களுக்குக் கர்ப்பம் என்று தெரிவதற்குள்ளேயே அந்தக் குழாய் மூடும் காலம் முடிந்துவிடுகிறது. அதனால் குழந்தைக்குத் திட்டமிடும்போதே போலிக் மாத்திரையை ஆரம்பிக்க வேண்டும். தினம் 400 மைக்ரோகிராம். முன்பு குறையுள்ள குழந்தை பிறந்திருந்தால் டாக்டர் வேறு அளவு சொல்வார். புதிதாகக் கல்யாணமான என் மாணவிகள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த வளைகாப்புத் தட்டில் இருந்த மற்றவற்றுக்கும் வருகிறேன்.

புரோட்டீன் பவுடர். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் ஏழைக் கர்ப்பிணிகளுக்கு ஊட்டச்சத்துப் பானம் கொடுத்து ஒரு சோதனை நடத்தினார்கள். 1980ல் முடிவு வந்தது. தினம் 40 கிராம் புரதம் சேர்த்த பானம் குடித்தவர்களுக்குக் குழந்தை மிகவும் முன்கூட்டியே பிறப்பதும், அப்படிப் பிறந்து இறப்பதும் அதிகமாக இருந்தது. நல்லது செய்யப்போய் நடந்தது அது. அதனால்தான் கர்ப்பிணிகளுக்கு அதிகப் புரதம் கொண்ட சத்துப்பொருட்களை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பது இல்லை. பருப்பு, முட்டை, மீன், பால், சுண்டல் சாப்பிடுவதை யாரும் தடுக்கவில்லை. அது சாப்பாடு. சாப்பாடே போதாத தாய்மார்களுக்கு டாக்டரோ அங்கன்வாடியோ கொடுக்கும் சத்துமாவும் வேறு விஷயம். நான் சொல்வது டப்பாவில் வரும் கெட்டிப் புரதத்தை, நம் இஷ்டத்துக்குக் கரைத்துக் கொடுப்பதை.

வைட்டமின் சி, இ. தண்ணீரில் கரைவதுதானே, சி அதிகமானால் என்ன என்று நானும் நினைத்தேன். கர்ப்ப காலத்து ரத்தக்கொதிப்பு நோயைத் தடுக்குமா என்று பார்க்க, தினம் 1,000 மில்லிகிராம் சி-யும் 400 யூனிட் இ-யும் கொடுத்து இங்கிலாந்தில் சோதித்தார்கள். 2006ல் முடிவு வந்தது. நோய் தடுக்கப்படவில்லை. எடை குறைந்து பிறந்த குழந்தைகள் மட்டும் அதிகமாக இருந்தன. ஒரு நெல்லிக்காய், ஒரு கொய்யாப்பழம் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

வைட்டமின் டி. 60,000 யூனிட் பொடியோ மாத்திரையோ வாரம் ஒன்று என்று டாக்டர் எழுதியதைத் தினம் ஒன்று என்று எடுத்துக்கொண்டால் ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து எகிறிவிடும். தாய்க்கும் ஆகாது, பிள்ளைக்கும் ஆகாது. சீட்டை இரண்டு தடவை படியுங்கள்.

இயற்கை மருந்து, மூலிகை லேகியம். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். 2011, 2012ல் நியூயார்க் நகரில் ஆறு கர்ப்பிணிகளின் ரத்தத்தில் ஈயம் மிக அதிகமாக இருந்தது. விசாரித்தால், எல்லோரும் இந்தியாவில் இருந்து போன ஆயுர்வேத மாத்திரைகளைச் சாப்பிட்டவர்கள். ஈயம் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும், மூளையைத் தொடும். நான் நம் வைத்தியத்துக்கு எதிரி இல்லை. என் மாமியார் கைப்பக்குவத்தில் எத்தனையோ கஷாயம் குடித்தவள். ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே பல இடங்களில் சித்த மருத்துவர் இருக்கிறார். படித்த வைத்தியரிடம் போங்கள். யாரோ சொன்னார்கள் என்று பெயர் ஊர் தெரியாத மாத்திரையைக் கர்ப்பத்தில் விழுங்காதீர்கள்.

குங்குமப்பூ. பாலில் ஒரு இதழ், இரண்டு இதழ் போட்டுக் குடித்தால் பால் மணக்கும். அவ்வளவுதான். பிள்ளையின் நிறம் தாய் தகப்பன் வழி வருவது. நிறம் வேண்டும் என்று அள்ளிப் போட்டால் நிறமும் வராது, கர்ப்பத்துக்கும் நல்லதில்லை. பிள்ளை கறுப்பாகப் பிறந்தால் என்ன குறை? உங்கள் டீச்சர் என்ன நிறம் என்று உங்களுக்கே தெரியும்.

இவ்வளவும் சொன்னதால் எல்லா மாத்திரையையும் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அது என் தவறைவிடப் பெரிய தவறு. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் கர்ப்பிணிகளில் பாதிக்கு மேல், 52 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. நாலாம் மாதத்தில் இருந்து அரசு கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் போலிக் அமிலமும் இருக்கிறது. 180 நாள் சாப்பிட வேண்டும், பிரசவத்துக்குப் பிறகு இன்னொரு 180 நாள். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். அதனால் பிள்ளை கறுக்காது. டீ, காப்பி, பாலோடு போடாமல் எலுமிச்சைச் சாறோடு போட்டால் நன்றாகச் சேரும். சுண்ணாம்புச் சத்து மாத்திரைக்கும் இதற்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இரும்பு மாத்திரையைக் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். மிட்டாய் என்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

இனி என் வீட்டுக் கதையை முடிக்கிறேன்.

அந்தப் பத்து வாரமும் நான் வீட்டில் சாதாரணமாக இருப்பது போல நடித்தேன். மருமகளும் நடித்தாள். மகன் சனிக்கிழமை சனிக்கிழமை திருப்பூரில் இருந்து வந்து போவான், ஒரு வார்த்தை என்னைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். தெருவில் எந்தக் குழந்தையைப் பார்த்தாலும் என் கண் முதலில் அதன் காதுக்குத்தான் போகும். பிள்ளையாருக்கு எத்தனை தேங்காய் வேண்டிக்கொண்டேன் என்று கணக்கே இல்லை.

ஸ்கேனுக்கு முதல் நாள் ராத்திரி. நான் கூடத்தில் விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன். மருமகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அத்தை, ஒண்ணு சொன்னா திட்ட மாட்டீங்களே?"

"சொல்லும்மா."

"அந்த எண்ணெயை நான் பாதி நாள் குடிக்கவே இல்லை. நீங்க அந்தப் பக்கம் திரும்பினதும் வாஷ்பேசின்ல ஊத்திட்டேன். கொமட்டல் தாங்க முடியல. ஊத்துனதைச் சொன்னா மனசு கஷ்டப்படுவீங்களேன்னு இத்தனை நாளும் சொல்லல."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். அன்றைக்கு ராத்திரி நான் யோசித்தது இதுதான். என் பேத்தியை என் படிப்பு காப்பாற்றவில்லை. என் அன்பும் காப்பாற்றவில்லை. அவள் அம்மா எனக்குத் தெரியாமல் ஊற்றிய எண்ணெய்தான் ஏதோ கொஞ்சம் காப்பாற்றியிருக்கிறது. வீட்டுப்பாடம் செய்யாமல் செய்துவிட்டேன் என்று சொல்லும் பிள்ளைகளை ஆயிரம் பார்த்திருக்கிறேன். ஏன் அப்படிச் சொல்கிறார்கள்? உண்மையைச் சொன்னால் கேட்கிற ஆளாக நாம் இல்லை என்பதால். "கொமட்டுது அத்தை" என்று அவள் சொன்னபோது நான் காது கொடுத்திருந்தால், ஒளித்து ஊற்ற வேண்டிய அவசியம் அவளுக்கு வந்திருக்காது. பத்து வாரம் இரண்டு பேரும் தனித்தனியாகப் பயந்துகொண்டு கிடந்திருக்கவும் வேண்டாம்.

மறுநாள் ஸ்கேனில் எல்லாம் நல்லபடியாக இருந்தது. பேத்திக்கு வருகிற ஆவணியில் மூன்று வயது முடிகிறது. இரண்டு காதும் நன்றாகக் கேட்கிறது. நான் கூப்பிட்டால் மட்டும் கேட்காது.

ஒன்றும் ஆகவில்லையே, பிறகு எதற்கு இத்தனை நீளம் என்று சிலர் நினைக்கலாம். ஒன்றும் ஆகாததால்தான் நம் வீடுகளில் இது தொடர்கிறது. "எங்க வீட்லயும் கொடுத்தோம், பிள்ளை நல்லாத்தானே இருக்கு" என்று அடுத்தவருக்குச் சொல்லிவிடுகிறோம். என் பேத்தியைக் காட்டி யாரும் அப்படிச் சொல்லிவிடக்கூடாது.

டீச்சர் பழக்கம் போகாது. அதனால் நோட்டில் எழுதிக்கொள்ள நாலே நாலு விஷயம்.

ஒன்று. வீட்டில் கர்ப்பிணி சாப்பிடும் மாத்திரை, பவுடர், டானிக், எண்ணெய், லேகியம் எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு, அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது எடுத்துக்கொண்டு போங்கள். ஒரே சத்து எத்தனை டப்பாவில் வருகிறது என்று அவர் கூட்டிப் பார்க்கட்டும். தனித்தனியாக எல்லாம் சரியாகத்தான் தெரியும். கூட்டினால்தான் தெரியும்.

இரண்டு. "ரெண்டு உயிர், அதனால ரெண்டு மடங்கு" என்ற கணக்கு மருந்துக்குச் செல்லாது. டாக்டர் எழுதியதுதான் அளவு.

மூன்று. கர்ப்பிணிக்குப் பரிசு கொடுக்க ஆசையா? பழம் கொடுங்கள், பூ கொடுங்கள், புடவை கொடுங்கள், ஒரு வேளை சமைத்துக் கொடுங்கள். டப்பா கொடுக்காதீர்கள்.

நான்கு. அவள் வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேளுங்கள். மாமியார்மார்களே, பெரியம்மாமார்களே, இது முக்கியமாக நமக்கு.

சிங்கப்பூர்த் தம்பி, நீயும் இதைப் படிப்பாய். உன்மேல் எந்த வருத்தமும் இல்லை. நீ கொடுத்தது ஒரு ஸ்பூன் கணக்கு, இரண்டாக்கியது அக்காதான். அடுத்த தடவை வரும்போது கோடரித் தைலம் மட்டும் போதும்.

அந்த வளைகாப்புப் பெண்ணுக்கு இந்தப் பதிவை நானே அனுப்பிவைக்கிறேன். அவளுடைய அம்மாவிடம் நாளைக்கு நேரில் போய்ப் பேசலாம் என்றும் இருக்கிறேன்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்